ஒரே தாளில் பல கைகள்

இன்றைக்குக் கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து ஒரு ரிப்போர்ட் எழுத வேண்டுமென்றால் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவதில்லை. ஒருவர் லாஸ்பேட்டையில், ஒருவர் சென்னையில், இன்னொருவர் பாரீசில் இருப்பார். கணினியில் ஒரே தாளைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டுகிறார்கள். ஒருவர் எழுதுவது மற்றவர் திரையில் எழுத்து எழுத்தாக ஓடுகிறது. கூகுள் டாக்ஸ் என்று பெயர். காசும் கிடையாது.

நம் வயதுக்காரர்கள் இதைப் பார்த்து "எவ்வளவு வேகம்!" என்பார்கள். கோப்பு எழுதியே தலை நரைத்த எனக்கு வேறு கேள்வி வந்தது. ஒரே தாளில் பல கைகள் எழுதினால் யார் எழுத்து நிற்கும்? நான் எழுதியதை ஒருவர் அழித்துவிட்டால், நான் எழுதினேன் என்பதற்கு என்ன சாட்சி? கொஞ்சம் படித்துப் பார்த்தபோது, இந்தப் பொதுத் தாள்களை வடிவமைத்தவர்களும் ஐம்பது அறுபது ஆண்டுகளாக இதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அந்த வரலாற்றைச் சொல்வதற்கு முன், கணினி வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

திதெரோவின் கோபம்

பிரஞ்சு வழியில் படித்த எங்களுக்குத் திதெரோ, தலாம்பேர் என்ற இரண்டு பெயர்களும் பள்ளியிலேயே பழக்கம். இருவரும் சேர்ந்து நடத்திய ஆன்சிக்ளோபெதி என்ற கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1751இல் பாரீசில் வெளிவந்தது. கட்டுரைத் தொகுதிகள் 17, படத் தொகுதிகள் 11. கடைசிப் படத் தொகுதி வர 1772 ஆயிற்று. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். ஷெவாலியே தெ ழோக்கூர் என்ற ஒரு மனிதர் மட்டும் ஏறக்குறைய 17,000 கட்டுரைகள் எழுதினார். மொத்தத்தில் அது நாலில் ஒரு பங்கு. சம்பளம் வாங்காமல் செய்த வேலை.

இத்தனை பேர் எழுதினால் யார் எழுதியது எது என்று எப்படித் தெரியும்? அதற்கு அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். கட்டுரையின் முடிவில் எழுதியவருக்கு உரிய ஓர் அடையாள எழுத்து இருக்கும். தலாம்பேருக்கு 'ஓ', ரூசோவுக்கு 'எஸ்'. திதெரோ பதிப்பாசிரியராகச் சேர்த்தவற்றுக்கு ஒரு நட்சத்திரக் குறி. நம் அலுவலகங்களில் குறிப்பின் கீழே இனிஷியல் போடுவோமே, அதே முறைதான்.

ஆனால் அந்த அடையாளம் போதவில்லை. 1759இல் அரசு இந்த நூலுக்குக் கொடுத்த அனுமதியை ரத்து செய்தது. மீதித் தொகுதிகளை மறைவாக அச்சடித்தார்கள். வெளியீட்டாளரும் அச்சகக்காரருமான லெ ப்ரெத்தோனுக்குப் பயம் வந்துவிட்டது. திதெரோ கடைசித் திருத்தம் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகு, ஆபத்து என்று தனக்குத் தோன்றிய வரிகளை அவர் ரகசியமாக வெட்டிவிட்டு அச்சடித்தார். மூலக் கையெழுத்துப் படிகளையும் எரித்துவிட்டார். 1764இல் ஏதோ ஒரு கட்டுரையைப் புரட்டிப் பார்த்தபோதுதான் திதெரோவுக்கு விஷயம் தெரிந்தது. லெ ப்ரெத்தோனுக்கு அவர் எழுதிய கடிதம் கோபமும் கண்ணீருமாக இருக்கிறது. பழைய படி எரிந்துபோனதால், வெட்டியது எது, எவ்வளவு என்று யாராலும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. 20ஆம் நூற்றாண்டில் சில அச்சுத் திருத்தப் படிகள் கிடைத்த பிறகே கொஞ்சம் தெளிவு பிறந்தது.

பலர் சேர்ந்து எழுதும் வேலைக்கு இரண்டு பாதுகாப்பு வேண்டும் என்று இதிலிருந்து எனக்குப் புரிந்தது. ஒன்று, எழுதியவர் பெயர். இரண்டு, அழிக்கப்படாத பழைய படி. ஆன்சிக்ளோபெதியில் முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு கணினிக் காலத்துக்கு வருவோம்.

1968இல் ஒரு மேடை

டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவர் அமெரிக்கக் கடற்படையில் ரேடார் வேலை பார்த்தவர். உலகப் போர் முடிந்த சமயம் பிலிப்பைன்ஸ் தீவு ஒன்றில், செஞ்சிலுவைச் சங்கம் வைத்திருந்த சிறிய வாசகசாலையில் ஒரு கட்டுரை படித்தார். மனிதர்கள் அறிவைச் சேர்த்து வைக்கவும் தேடி எடுக்கவும் இயந்திரம் உதவ முடியும் என்று வானிவர் புஷ் என்ற விஞ்ஞானி 1945இல் எழுதியது அது. அந்த எண்ணம் எங்கல்பார்ட்டை விடவில்லை. கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்து, 1962இல் ஒரு நீண்ட அறிக்கை எழுதினார். உலகத்தின் சிக்கல்கள் பெருகிக்கொண்டே போகின்றன, தனி மனிதனின் மூளை போதாது, கூட்டாகச் சிந்திப்பதற்குக் கருவி வேண்டும் என்பது அதன் சாரம்.

1968 டிசம்பர் 9ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கணினி மாநாடு. சுமார் ஆயிரம் பேர் கூடியிருந்த அரங்கின் மேடையில் எங்கல்பார்ட் உட்கார்ந்தார். அவருடைய கணினி மேடையில் இல்லை. ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்தது. 90 நிமிடம் காட்சி. கடைக்கு வாங்க வேண்டிய சாமான் பட்டியலைத் திரையில் எழுதி, மாற்றி, வகைப்படுத்திக் காட்டினார். இன்று வீட்டுக்கு வீடு இருக்கிற மவுஸ் அன்றுதான் பொதுமக்கள் கண்ணில் பட்டது. அதன் முதல் மாதிரி மரத்தால் ஆனது.

எல்லோரும் மவுஸைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். என் கண்ணில் பட்டது வேறு. மென்லோ பார்க்கில் இருந்த அவருடைய உதவியாளர் பில் பாக்ஸ்டனும் மேடையில் இருந்த எங்கல்பார்ட்டும் ஒரே பக்கத்தைத் தத்தம் திரையில் பார்த்துப் பேசிக்கொண்டே வேலை செய்தார்கள். திரையின் ஓரத்தில் பாக்ஸ்டனின் முகம் தெரிந்தது. இன்று சூம் என்கிறோம், ஷேர் ஸ்கிரீன் என்கிறோம். அப்போது மனிதன் நிலவில் கால் வைக்கவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து, 1970இல், அவருடைய குழு ஜர்னல் என்ற ஒரு வசதியைச் சேர்த்தது. அதைப் பற்றி அதிகம் பேர் எழுதுவதில்லை. குழுவில் ஒருவர் தன் குறிப்பை ஜர்னலில் சேர்த்தவுடன் அதற்கு ஓர் எண் விழும். அதன் பிறகு எழுதியவரே நினைத்தாலும் அதை மாற்ற முடியாது. திருத்தம் வேண்டுமா? பழைய எண்ணைச் சுட்டிக்காட்டிப் புதிய குறிப்பு எழுத வேண்டும். திதெரோவுக்குக் கிடைக்காத இரண்டாவது பாதுகாப்பு இப்படித்தான் கணினிக்குள் வந்தது.

குமாஸ்தாக்களுக்காக ஒரு கணினி

இந்த வரலாற்றில் ஓர் அரசு அலுவலகமும் வருகிறது. 1971 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன், 90 நாட்களுக்கு யாரும் விலையையும் கூலியையும் ஏற்றக்கூடாது என்று அறிவித்தார். அதை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு அவசரகால ஆயத்த அலுவலகம் என்ற ஒரு சிறிய துறையின் தலையில் விழுந்தது. நாடெங்கும் உள்ள வட்டார அலுவலகங்களில் மக்கள் வந்து கேட்கிறார்கள்: வீட்டு வாடகை ஏற்றலாமா, போன மாதம் ஒப்புக்கொண்ட சம்பள உயர்வு செல்லுமா? ஓர் ஊரில் ஆம் என்றும் மறு ஊரில் இல்லை என்றும் பதில் சொன்னால் அரசின் மானம் போய்விடும். மேலிடத்தின் ஆணை கீழே வந்து சேருவதற்குள் கீழே நாலு வியாக்கியானம் பிறந்துவிடும் என்பது நம்மில் பலர் அறிந்ததுதான்.

அந்தத் துறையில் இருந்த மரே டுராஃப் என்பவர் எமிசாரி என்ற கணினி ஏற்பாட்டை அமைத்தார். வட்டார அலுவலகங்கள் தொலைபேசிக் கம்பி வழியாக ஒரே கணினியோடு இணைந்தன. தகவல்கள், விளக்கங்கள், புள்ளிவிவரங்கள் எல்லாம் பொது இடத்தில். ஒவ்வொரு தகவலுக்கும் பொறுப்பாளர் யார் என்பது அதனோடு சேர்ந்தே இருக்கும். சந்தேகம் என்றால் அவருக்கே செய்தி அனுப்பலாம். பெயர் இல்லாத தகவலுக்கு அங்கே இடமில்லை.

இதே பாடத்தை 1973இல் ஒரு பதினேழு வயதுப் பையன் வேறொரு பக்கத்திலிருந்து கற்றுக்கொடுத்தான். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்ற கணினிக் கல்வி ஏற்பாடு இருந்தது. பல முனையங்களில் மாணவர்கள் உட்கார்ந்து படிப்பார்கள். ஏதாவது கோளாறு என்றால் எழுதி வைப்பதற்கு ஒரு பொதுக் கோப்பு திறந்து வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் மாற்றலாம். விளைவு என்ன? சிலர் பெயர் போட்டார்கள், சிலர் போடவில்லை. போட்ட பெயர் உண்மைதானா என்று சொல்ல வழியில்லை. அவ்வப்போது எவனாவது குறும்புக்காரன் கோப்பு முழுவதையும் துடைத்துவிட்டுப் போவான்.

டேவிட் உல்லி என்ற அந்தப் பையனிடம் இதைச் சரிசெய்யும் வேலையைக் கொடுத்தார்கள். அவன் எழுதிய நிரலுக்கு நோட்ஸ் என்று பெயர். எழுதியவர் பெயரையும் தேதியையும் நேரத்தையும் இயந்திரமே பதித்துவிடும். ஒருவர் எழுதியதை மற்றவர் தொட முடியாது. பதில் சொல்ல வேண்டுமென்றால் அதன் கீழே தனியாக எழுதலாம். ஒரு குறிப்புக்கு 63 பதில்கள் வரை அனுமதி. கோளாறு எழுதி வைப்பதற்காகப் பிறந்த அந்த இடம் கொஞ்ச நாளில் ஊர் மந்தையாகிவிட்டது. பெயர் நிலைக்கும், சொல் நிலைக்கும் என்று தெரிந்தவுடன் மனிதர்கள் தைரியமாகப் பேச வந்துவிட்டார்கள்.

நம் பச்சைத் தாள்

இதைப் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். மேலே எழுதியதைத் தொடாதே, கீழே எழுது, கையெழுத்தும் தேதியும் போடு. இதுதானே நம் நோட் ஷீட்! இளைய வாசகர் யாரேனும் இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். அரசுக் கோப்பில் இரண்டு பகுதி. வந்த கடிதங்கள், போன கடிதங்கள் ஒரு பக்கம். குறிப்புகள் எழுதும் பச்சைத் தாள்கள் மறு பக்கம். கிளார்க் விவரத்தை எழுதிப் பத்திக்கு எண் போட்டு மேலே அனுப்புவார். சூப்பரின்டெண்டென்ட் அதன் கீழே எழுதுவார். அதிகாரிக்கு உடன்பாடு இல்லையென்றால் அவரும் கீழேதான் காரணம் எழுத வேண்டும். மேலே அனுப்பிய குறிப்பை மாற்றக்கூடாது, அதன்மேல் தாள் ஒட்டக்கூடாது என்பது நடைமுறை விதி. கடைநிலை ஊழியன் எழுதிய ஒரு வரி, செயலாளர் எழுதிய வரிக்கு மேலே அப்படியே இருக்கும். அவன் பதவிக்கு மரியாதை இல்லாவிட்டாலும் அவன் எழுத்துக்கு மரியாதை உண்டு.

விதி இருந்தால் போதுமா? எனக்குப் பழக்கமான ஓர் அக்கா வேறொரு அலுவலகத்தில் வேலை பார்த்தார். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். ஒரு கொள்முதல் கோப்பில், குறைந்த விலைப்புள்ளியை ஒதுக்கியதற்குக் காரணம் காட்டப்படவில்லை என்று ஒரு பத்தி எழுதி அனுப்பினார். கொள்முதல் நடந்துவிட்டது. பிறகு தணிக்கை வந்தது. கோப்பை எடுத்தால், தாள்கள் மழையில் நனைந்துவிட்டன, புதிதாக எழுதிச் சேர்த்திருக்கிறோம் என்றார்கள். புதிய தாளில் அக்காவின் பத்தி இல்லை. நீ ஏன் சுட்டிக்காட்டவில்லை என்று அவருக்கே மெமோ கொடுத்தார்கள். "எழுதினேன் சார், எழுதினேன்" என்று எத்தனையோ பேரிடம் சொன்னார். சாட்சி இருந்தது ஒரே ஒரு தாளில், அந்தத் தாள் இல்லை. இன்கிரிமென்ட் வெட்டு. அதன் பாதிப்பு ஓய்வூதியம் வரை தொடர்ந்தது. பணத்தைவிட, கடமை தவறியவள் என்ற பெயர்தான் அவரை அரித்தது. லெ ப்ரெத்தோன் எரித்த கையெழுத்துப் படிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அக்காவின் முகம்தான் வருகிறது.

பச்சைத் தாளுக்கு இன்னொரு குறையும் உண்டு. அது ஒரு நேரத்தில் ஒருவர் மேசையில்தான் இருக்க முடியும். "பைல் எங்கே?" "சுற்றில் இருக்கிறது." இந்த இரண்டு வரி உரையாடலில் எத்தனை பேருடைய வாழ்நாள் கழிந்திருக்கும்!

நகல்களும் சச்சரவும்

அந்தக் குறையைத் தீர்க்கப் புறப்பட்டவர்களில் ஒருவர் ரே ஓஸி. இல்லினாயில் மாணவராக இருந்தபோது பிளேட்டோவில் வேலை பார்த்தவர். அங்கே கண்ட நோட்ஸை அலுவலகங்களுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று 1984இல் தனி நிறுவனம் தொடங்கினார். 1989இல் லோட்டஸ் நோட்ஸ் வெளிவந்தது. ஒவ்வோர் ஊர் அலுவலகத்திலும் கோப்பின் ஒரு நகல் இருக்கும். கணினிகள் அவ்வப்போது ஒன்றையொன்று தொடர்புகொண்டு வித்தியாசங்களைச் சரிபார்த்துக்கொள்ளும். ஒரே ஆவணத்தை இரண்டு ஊரில் இரண்டு பேர் மாற்றியிருந்தால்? இயந்திரம் ஒன்றைத் தூக்கி எறியாது. இரண்டையும் வைத்துக்கொண்டு, இங்கே முரண்பாடு இருக்கிறது என்று குறியிடும். தீர்ப்பு மனிதனுடையது. நல்ல தலைமைக் குமாஸ்தாவும் அப்படித்தான் செய்வார்.

இந்தக் காலத்தில்தான் இது ஒரு தனி ஆராய்ச்சித் துறையாகவும் வளர்ந்தது. 1984இல் ஐரீன் கிரைஃப், பால் காஷ்மன் என்ற இருவர் ஒரு கூட்டம் கூட்டினார்கள். கணினியை வைத்துக்கொண்டு மனிதர்கள் எப்படிச் சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்பதே பொருள். அதில் வளர்ந்த ஜோனதன் குரூடின் 1988இல் ஒரு கட்டுரையில், இப்படிப்பட்ட ஏற்பாடுகள் ஏன் தோற்கின்றன என்று ஆராய்ந்தார். அவர் கண்ட முதல் காரணம்: கூடுதல் வேலை ஒருவருக்கு, பலன் இன்னொருவருக்கு. கூட்டத்துக்கு நேரம் குறிக்கும் கணினி நாட்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா ஊழியரும் தங்கள் நேரத்தை ஒழுங்காகப் பதிந்து வைத்தால்தான் அது வேலை செய்யும். பலனோ கூட்டம் கூட்டுகிற மேலாளருக்கு. ஊழியர் ஏன் பதிவார்?

வாண்டா ஓர்லிகோவ்ஸ்கி என்ற பேராசிரியர் 1992இல் ஒரு பெரிய ஆலோசனை நிறுவனத்தில் நோட்ஸ் வந்த கதையை ஆராய்ந்து எழுதினார். அந்த நிறுவனத்தில் பதவி உயர்வு என்பது கழுத்தறுப்புப் போட்டி. எனக்குத் தெரிந்ததை எல்லோருக்கும் தெரியும் இடத்தில் போட்டால் என் மதிப்பு என்ன ஆவது என்று பலர் நினைத்தார்கள். இலட்சக்கணக்கில் செலவு செய்து பொதுத் தாள் வாங்கலாம், பகிர்ந்துகொள்ளும் மனத்தை வாங்க முடியாது.

ஏழாம் வரி ஆறாம் வரியான கணக்கு

இனி, ஒரே நொடியில் பல பேர் எழுதும் சங்கதிக்கு வருவோம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு தாளில் பத்து வரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 7ஆம் வரியில் ஒரு சொல்லை மாற்றுகிறீர்கள். அதே நொடியில் நான் என் வீட்டிலிருந்து 2ஆம் வரியை நீக்கிவிடுகிறேன். '7ஆம் வரியில் மாற்று' என்ற உங்கள் கட்டளை என் கணினிக்கு வந்து சேரும்போது, என்னிடம் அந்த வரி 6ஆம் வரியாகிவிட்டது. கட்டளையை அப்படியே நிறைவேற்றினால் வேறு ஒரு வரி கெட்டுப்போகும். உங்கள் திரையில் ஒன்று, என் திரையில் ஒன்று என்று இரண்டு தாள்கள் உண்டாகிவிடும்.

இதற்கு 1989இல் ஒரு கணக்கு கண்டுபிடித்தவர்கள் கிளாரன்ஸ் எல்லிஸ், சைமன் கிப்ஸ் இருவர். மற்றவர் செய்த மாற்றத்தைக் கணக்கில் எடுத்து, வந்த கட்டளையைத் திருத்திக்கொண்டு நிறைவேற்று என்பது அதன் அடிப்படை. அதாவது உங்கள் '7' என் கணினியில் தானாக '6' ஆகும். வரி வரியாக நான் சொன்னதை அவர்கள் எழுத்து எழுத்தாகச் செய்தார்கள். எல்லிஸ், கணினி அறிவியலில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர். பதினைந்து வயதில் ஒரு நிறுவனத்தில் இரவுக் காவல் வேலை பார்த்தபோது, அங்கிருந்த கணினியின் கையேடுகளைப் படித்தே அந்த உலகத்துக்குள் நுழைந்தவர்.

கணக்கு கிடைத்தும் அது பொதுமக்கள் கைக்கு வர வெகுநாள் பிடித்தது. ரைட்லி என்ற சிறிய தளத்தைக் கூகுள் 2006இல் வாங்கியது. கூகுள் டாக்ஸ் அதிலிருந்து பிறந்தது. 2008இல் ஈதர்பேட் என்ற தளம் வந்தது. அதில் ஒவ்வொருவர் எழுத்துக்கும் பின்னால் ஒரு நிறம். யார் எழுதியது எது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். தாள் பிறந்த கணத்திலிருந்து அது வளர்ந்த விதத்தைத் திரும்ப ஓட்டியும் பார்க்கலாம். கூகுள் 2009இல் அந்த நிறுவனத்தையும் வாங்கிக்கொண்டது. அதே ஆண்டு அறிவித்த கூகுள் வேவ் என்ற பிரம்மாண்டமான ஏற்பாடு அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. கடிதம், அரட்டை, ஆவணம் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிண்டினார்கள். எதற்கு இது என்று பயனாளருக்குப் புரியவில்லை.

எல்லோரும் அழிக்கலாம் என்றவர்

இதுவரை சொன்னவர்கள் பெரும்பாலும் பூட்டிப் பாதுகாத்தவர்கள். நேர் எதிர்வழியில் போனவர் வார்ட் கன்னிங்காம். 1995 மார்ச் 25 அன்று அவர் திறந்த தளத்துக்கு விக்கிவிக்கிவெப் என்று பெயர். ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடும் 'விக்கி விக்கி' பேருந்திலிருந்து எடுத்த பெயர். ஹவாய் மொழியில் 'சீக்கிரம்' என்று பொருள். அங்கே யாருடைய எழுத்தையும் யாரும் மாற்றலாம். பிளேட்டோவில் நாசமாய்ப்போன அதே வழி!

ஆனாலும் அதிலிருந்து பிறந்த விக்கிப்பீடியா நிலைத்துவிட்டது. 2001 ஜனவரி 15 அன்று அது தொடங்குவதற்கு முன், அதே மனிதர்கள் நூபீடியா என்ற ஒன்றை நடத்திப் பார்த்தார்கள். ஒரு கட்டுரை ஏழு படிகள் ஏறி ஒப்புதல் பெற வேண்டும். முதல் ஆண்டில் தேறியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஏழு கையெழுத்து வாங்கும் கோப்பின் வேகம் நமக்குத் தெரியாதா? விக்கிப்பீடியாவில் படிகளை எடுத்துவிட்டார்கள். 2003இல் தமிழ் விக்கிப்பீடியா வந்தது. இன்று அதில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன.

இது ஏன் நாசமாகவில்லை? ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் 'வரலாறு' என்று ஒரு பக்கம் இருக்கிறது. யார், எந்தத் தேதியில், எதை எப்படி மாற்றினார் என்பது அங்கே வரிசையாக இருக்கும். கெடுத்தவன் கெடுத்த நிமிடத்தில் இன்னொருவர் பழைய படியை ஒரே தட்டில் மீட்டுவிடலாம். அழிப்பது சுலபம், அழித்ததை மறைப்பது கடினம். பூட்டு இல்லாவிட்டாலும் பழைய படி இருந்தால் போதும் என்று இது காட்டியது.

நம்மூர்ப் பச்சை

நான் ஓய்வு பெற்ற பிறகு இங்கும் அரசு அலுவலகங்களில் இ-ஆபீஸ் பரவியிருக்கிறது. தேசியத் தகவலியல் மையம் செய்தது. என் பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். அதில் மஞ்சள் குறிப்பு, பச்சைக் குறிப்பு என்று இரண்டு. மஞ்சள் என்பது வரைவு, திருத்தலாம். பச்சை என்பது முடிவான குறிப்பு. மேலே அனுப்பிய பிறகு அதை மாற்ற வழியில்லை. பெயரும் தேதியும் நேரமும் தானாக விழும். கோப்பு யாரிடம் எத்தனை நாள் கிடந்தது என்பதும் தெரியும். பச்சைத் தாளின் நிறத்தைக்கூட விடாமல் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு சின்னப் பெருமை. மழைக்கு நனையாத பச்சை. அந்த அக்கா காலத்தில் இது இருந்திருந்தால் அவருடைய பத்தி இன்றும் இருக்கும்.

இருந்தாலும் குரூடின் சொன்னதை மறக்கக்கூடாது. வெளியில் தாளில் ஒரு கோப்பு, உள்ளே கணினியில் ஒரு கோப்பு என்று இரட்டை வேலை வந்தால் சுமை அடிமட்டத்தில் இருப்பவர் தலையில்தான் ஏறும். அங்கே கருவி வெறும் அலங்காரம் ஆகிவிடும்.

நமக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். இன்று குடியிருப்போர் சங்கக் கணக்கு, கோயில் திருப்பணி வரவு செலவு, குடும்பச் சொத்துப் பட்டியல் எல்லாம் பிள்ளைகள் இப்படிப்பட்ட பொதுத் தாளில்தான் போடுகிறார்கள். நம்மையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அப்போது மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். யார் யார் பார்க்க மட்டும் முடியும், யார் திருத்த முடியும்? ஒவ்வொருவரும் தங்கள் சொந்தக் கணக்கில் நுழைந்து எழுதுகிறார்களா, அல்லது ஒரே கடவுச்சொல்லை எல்லோரும் புழங்குகிறார்களா? பழைய பதிப்பைத் திறந்து பார்க்க எங்கே தட்ட வேண்டும்? மூன்றாவதை ஒருமுறை திறந்தே காட்டச் சொல்லுங்கள். பேரப்பிள்ளை சலித்துக்கொண்டால் பரவாயில்லை. தாத்தாவுக்குச் சந்தேக புத்தி என்று சொன்னாலும் பரவாயில்லை. நாளைக்கு, நான் இப்படி எழுதவில்லை என்று நம் வீட்டில் ஒருவர் சொல்ல நேர்ந்தால், அவர் சொல்வது உண்மையா என்று பார்க்க ஓர் இடம் இருக்க வேண்டும்.